மார்ஸ்: ஒரே ஒரு சிங்கிளோடு கலைந்த குழு. அந்த இசைத்தட்டு யாருக்குச் சொந்தம்?

#1 ஒலிநாடா

பிரிட்டனில் அற்ப ஆயுளோடு போன எலெக்ட்ரானிக் குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மார்ஸின் பெயர் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. 'ஒரு பாட்டு ஹிட், அப்புறம் ஆளையே காணோம்.' அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

எம்/ஏ/ஆர்/ஆர்/எஸ் என்று நடுநடுவே சாய்கோடு போட்டு எழுதுவார்கள். மார்ட்டின், அலெக்ஸ், ரூடி, ரஸ்ஸல், ஸ்டீவ் என்ற ஐந்து பேரின் முதலெழுத்துகள். 1987 ஆகஸ்ட் கடைசியில் ஒரு சிங்கிள் வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம். இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. அவ்வளவுதான். இரண்டாவது சிங்கிளும் இல்லை, ஆல்பமும் இல்லை.

இந்த ஐந்து பேரும் சேர்ந்து வளர்ந்த குழு அல்ல. லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் இருந்த 4ஏடி என்ற சிறிய லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம்தான் இவர்களைச் சேர்த்தது. நடத்தியவர் ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல். அங்கே கலர்பாக்ஸ் என்ற பெயரில் மார்ட்டின் யங், ஸ்டீவ் யங் என்ற சகோதரர்கள் இருந்தார்கள். டப், சோல், டிரம் மெஷின், சினிமாவிலிருந்து வெட்டிய வசனம், எல்லாவற்றையும் கலப்பவர்கள். ஆனால் 1986க்குப் பிறகு அவர்களிடமிருந்து புதிதாகச் சிங்கிள் எதுவும் வரவில்லை. இன்னொரு பக்கம் ஏ.ஆர். கேன். கிழக்கு லண்டனைச் சேர்ந்த அலெக்ஸ் அயூலியும் ரூடி டம்பாலாவும், கூடவே ரஸ்ஸல் ஸ்மித்தும். முதல் சிங்கிளை வேறு லேபிளில் போட்டுவிட்டு 4ஏடிக்கு வந்தவர்கள். கிட்டார் ஃபீட்பேக்கைப் பனிமூட்டம் மாதிரி படரவிட்டு அதற்குள்ளிருந்து பாடுவார்கள். தங்களுக்கு நல்ல தாளக்கட்டு போட்டுத் தர ஒருவர் வேண்டும் என்று அவர்கள் கேட்க, ஐவோ மார்ட்டினைக் கைகாட்டினார்.

இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பாட்டைச் செய்து, அடுத்தவரிடம் கொடுத்து மேல்பூச்சுப் பூசச் சொன்னார்கள். கலர்பாக்ஸ் செய்தது 'பம்ப் அப் தி வால்யூம்'. ஏ.ஆர். கேன் செய்தது 'அனிட்டினா'. தட்டின் இரண்டு பக்கமும் சம உரிமையோடு, இரட்டை ஏ-பக்கமாக வந்தன. உலகம் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டது.

என் கட்சி இதுதான்: மார்ஸ் என்பது அந்தத் தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்தது. 'பம்ப் அப் தி வால்யூம்' மட்டுமே மார்ஸ் என்று எழுதுகிறவர்கள் பாதிக் குழுவை அழித்துவிடுகிறார்கள். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாருங்கள்.

#2 சக்கரவாகம்

பாஸ், கட்சியை ஏத்துக்க முடியலை. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, 'அனிட்டினா' இல்லாம 'பம்ப் அப் தி வால்யூம்' வந்திருந்தா அது நம்பர் ஒன் ஆகியிருக்காதா? கண்டிப்பா ஆகியிருக்கும். அந்தப் பாட்டுல ஏ.ஆர். கேன் போட்டது கொஞ்சூண்டு கிட்டார். மத்ததெல்லாம் யங் சகோதரர்களும், தட்டைக் கையால முன்னும் பின்னும் தேய்ச்சு ஸ்கிராட்ச் பண்ண வந்த டிஜேக்கள் சி.ஜே. மெக்கின்டாஷ், டேவ் டோரல் ரெண்டு பேரும் செஞ்சது. அதைத் தங்க பேர்ல தனியா போடணும்னு மார்ட்டின் யங் கேட்டதுல என்ன தப்பு? ஐவோ மறுத்துட்டார். பேசினது பேசினபடி ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும்னார். அவர் நியாயம் அவருக்கு. ஆனா குழு உடைஞ்சது அந்த இடத்துலதான்.

இன்னொண்ணு. அந்த ரெண்டு டிஜேக்கள் பேரோட முதலெழுத்து மார்ஸ்ங்கிற பேர்லயே இல்லை. பாதிக் குழுவை அழிச்சாங்கன்னு வருத்தப்படறீங்க, அவங்களுக்கும் சேர்த்து வருத்தப்படுங்க.

#3 குறிஞ்சி

நான் அதே லேபிளோட இன்னொரு குழுவான காக்டோ ட்வின்ஸ் வழியா 4ஏடிக்குள்ள வந்தவ. வான் ஆலிவர் வடிவமைச்ச தட்டு அட்டைகளுக்காகவே தட்டு வாங்கினவங்க நிறைய பேர் உண்டு. அப்படி ஒரு இடத்துலேருந்து டான்ஸ் க்ளப் பாட்டு எப்படி முதலிடம் போச்சுன்னு இன்னிக்கும் எனக்கு ஆச்சரியம். அந்த லேபிளோட ஒரே நம்பர் ஒன் சிங்கிள் இதுதானே?

இசை தெரிஞ்சவங்க யாராவது அந்தப் பாட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பிரிச்சுச் சொல்லுங்களேன்.

#4 டேப்மாஸ்டர்

குறிஞ்சி மேடம், ஒலிக்கலவை என் தொழில். எனக்குக் கேட்பதைச் சொல்கிறேன்.

முதலில் வேகம். இதை எல்லோரும் ஹவுஸ் இசை, அதாவது சிகாகோ க்ளப்களில் பிறந்த நடன இசை என்கிறார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் சிகாகோவின் ஸ்டீவ் சில்க் ஹர்லி 'ஜாக் யுவர் பாடி'யோடு பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்தார், அது ஹவுஸ். மார்ஸின் பாட்டு அதைவிட நிதானம், நிமிடத்துக்கு 113 அடியை ஒட்டி நடக்கும். கீழே ஓடுவது ஹவுஸின் நேர் அடி. மேலே நடப்பது நியூயார்க் ஹிப்-ஹாப் டிஜேக்களின் வெட்டும் ஒட்டும். இரண்டும் ஒரே தட்டில் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியதுதான் புதுமை.

அந்த பேஸ் வரியை, அதாவது அடியில் ஓடும் கனத்த தாழ்சுர வரியைத் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். ஒரே சுற்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அலுக்காது, ஏனென்றால் அதன் மேலே எதுவும் தங்குவதில்லை. எரிக் பி அண்ட் ராக்கிம் தட்டிலிருந்து எடுத்த 'பம்ப் அப் தி வால்யூம்' என்ற அந்த நாலு சொல் வரும், போகும். கிரிமினல் எலிமென்ட் ஆர்கெஸ்ட்ராவின் 'ஊசியை ரெக்கார்டில் வை' என்ற அதட்டல் வரும். பார்-கேஸ், டிரபிள் ஃபங்க், டாம் பிரவுன் தட்டுகளிலிருந்து கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு துண்டு. திடீரென்று எல்லாம் விலகி, ஓஃப்ரா ஹாசாவின் குரல் தனியாக எழும். அது 'இம் நின் அலு'. ஏமனைச் சேர்ந்த யூதக் கவிஞர் ஷாலோம் ஷபாசி 17ஆம் நூற்றாண்டில் எழுதிய பக்திப் பாடல். ஓஃப்ரா 1984இல் பாடிய பதிவிலிருந்து எடுத்தார்கள். அந்தக் குரலுக்கு மட்டும் தாளம் வழிவிடுகிறது. மற்ற எந்தத் துண்டுக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

இன்றைக்கு ஒரு மடிக்கணினியில் இதை மதியத்துக்குள் அடுக்கிவிடலாம். அன்று அப்படி இல்லை. மற்ற தட்டுகளின் ஒலித்துண்டை (சாம்பிள்) எடுத்துப் பதிந்து வாசிக்கும் கருவிதான் சாம்பிளர்; அந்தக் காலத்தில் பரவலாக இருந்த அகாய் எஸ்900 சாம்பிளரில் முழுத் தரத்தில் 12 விநாடிகூடப் பதிய முடியாது. எதை வைப்பது, எதை விடுவது என்று விநாடிக்கணக்கில் சிக்கனம் பார்க்க வேண்டும். அந்தச் சிக்கனம் பாட்டுக்குள் கேட்கிறது.

ஏ.ஆர். கேனின் கிட்டார் 'கொஞ்சூண்டு' என்று சக்கரவாகம் சொன்னது நேர அளவில் சரி. ஆனால் அது பாட்டின் சுவரில் கீறல் மாதிரி குறுக்கே பாயும் ஒலி. எடுத்துவிட்டுக் கேட்டால் எல்லாம் சுத்தமாக, வழுவழுப்பாக ஆகிவிடும். எனக்கு அந்தக் கீறல் வேண்டும்.

#5 வடலி

ஏ.ஆர். கேன் பற்றி ஒருத்தரும் விரிவாக் கதைக்கேல்லை, அதால நான் சொல்லுறன்.

'ட்ரீம் பாப்' எண்டு இண்டைக்கு எல்லாரும் பாவிக்கிற பெயரை உண்டாக்கினது அலெக்ஸ் அயூலி எண்டுதான் சொல்லுவினம். அவர் விளம்பரக் கம்பனியில எழுத்து வேலை செய்தவர். அந்த நேரம் கிட்டார் வச்சு இப்பிடியான இசை செய்தவை அநேகமா வெள்ளைக்காரப் பெடியள்தான். ரெண்டு கறுப்பின இளைஞர்கள் கிட்டார் இரைச்சலோட வந்து நிண்டவுடனை பத்திரிகைகளுக்கு அவையை எந்தப் பெட்டிக்குள்ள போடுறதெண்டு தெரியேல்லை. 1987இல 4ஏடியில 'லொலிட்டா' எண்டு ஒரு தட்டு. காக்டோ ட்வின்ஸ் ராபின் கத்ரிதான் தயாரிப்பு. மார்ஸ் பிரச்சினைக்குப் பிறகு ரஃப் ட்ரேட் எண்ட லேபிளுக்குப் போய் 1988இல '69' எண்ட ஆல்பம். அதைக் கேட்டுப் பாருங்கோ, பிறகு வந்த எத்தினையோ குழுக்களின்ரை விதை அதுக்குள்ள கிடக்கு.

'அனிட்டினா'வில தாளம் ஸ்டீவ் யங் செய்தது. இறுக்கமான மெஷின் அடி, மேல மிதக்கிற குரல், கிட்டார் அலை. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு வந்த பாட்டு எண்டு சொன்னாலும் நம்புவியள். ஒலிநாடா அண்ணை சொல்லுற கட்சிக்கு என்ரை வாக்கு.

#6 வழக்குரை

நீங்கள் எல்லோரும் இசையைப் பேசுகிறீர்கள். வழக்கைப் பேசாமல் மார்ஸின் கதை முடியாது.

1987 செப்டம்பர். பட்டியலில் மார்ஸ் இரண்டாம் இடம் வரை வந்துவிட்டது. முதலிடத்தில் ஐந்து வாரம் அசையாமல் இருந்தது ரிக் ஆஸ்ட்லியின் 'நெவர் கோனா கிவ் யூ அப்'. அதைத் தயாரித்தவர்கள் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் மூவர். அதே மூவர் தங்கள் பெயரில் 'ரோட்பிளாக்' என்ற தட்டையும் வெளியிட்டிருந்தார்கள். அந்தத் தட்டிலிருந்து ஒரு சின்னக் கூவல் மார்ஸின் பாட்டில் இருந்தது. கூட்டத்துக்குள் யாரோ 'ஹேய்' என்று குரல் விட்ட அளவுக்குத்தான். அதற்காக நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். பாட்டு சூடாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் சில நாள் விநியோகமே நின்றது. பிறகு வெளியிலேயே சமரசம். பிரிட்டனுக்கு வெளியே வரும் பதிப்புகளில் அந்தத் துண்டை நீக்குவது என்று முடிவானது. தடை விலகியதும் அக்டோபர் 3ஆம் தேதிப் பட்டியலில் ஆஸ்ட்லி இறங்க, மார்ஸ் ஏறியது.

பீட் வாட்டர்மேன் இதை மொத்தத் திருட்டு என்ற பொருளில் பத்திரிகைகளுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார். இங்கேதான் எனக்குக் கோபம். ஆஸ்ட்லி பாட்டின் பேஸ் வரியை, கர்னல் ஏப்ரம்ஸின் 'ட்ராப்ட்' பாட்டை முன்மாதிரியாக வைத்துச் செய்ததாக மைக் ஸ்டாக் பின்னாளில் தானே சொல்லியிருக்கிறார். அது குற்றமில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரு பாட்டின் எலும்புக்கூட்டை எடுத்துக் கையால் திரும்ப வாசித்தால் அது பாதிப்பு. அரை விநாடிக் கூவலை எந்திரத்தால் எடுத்தால் அது திருட்டு. சட்டத்தின் கோடு அப்படித்தான் இருந்தது, இன்றும் பெருமளவு அப்படித்தான்.

அதே ஆகஸ்டில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பில் டிரம்மண்டும் ஜிம்மி காட்டியும் ஜாம்ஸ் என்ற பெயரில் போட்ட முதல் ஆல்பத்தை, ஆபா பாட்டைச் சாம்பிள் செய்ததற்காகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற வேண்டிவந்தது. ஆபாவிடம் நேரில் பேசலாம் என்று ஸ்வீடன் வரை போய், அங்கே வயல்வெளியில் தட்டுகளைக் கொளுத்திவிட்டு வந்தார்கள். அமெரிக்காவில் 1991இல், அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்ததற்காக ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு, அனுமதி வாங்காத சாம்பிளோடு பெரிய நிறுவனம் எதுவும் தட்டு வெளியிடத் துணியவில்லை. 'பம்ப் அப் தி வால்யூம்' மாதிரி முப்பதுக்கு மேற்பட்ட துண்டுகளை அள்ளிப் போட்ட ஒரு பாட்டு பொதுச் சந்தையில் முதலிடம் பிடிக்கக்கூடிய சாளரம் மிகச் சின்னது. இவர்கள் சரியாக அதற்குள் நுழைந்தார்கள்.

#7 சக்கரவாகம்

@வழக்குரை அருமையான பதிவு சார். ஆனா ஒரு சந்தேகம். தடையே பாட்டை முதலிடத்துக்குத் தள்ளிவிட்டுதோ? நாலு நாள் கடையில கிடைக்காத சரக்குக்கு எப்பவும் கிராக்கி ஜாஸ்தி. பத்திரிகை பூரா வேற அதே பேச்சு.

#8 வழக்குரை

@சக்கரவாகம் விளம்பரமாக உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் க்ளப்களில் ஜூலையிலேயே பெயரில்லாத வெள்ளை லேபிள் தட்டாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. பாட்டை முதலில் தூக்கிப் பிடித்தவர்கள் நடனமாடியவர்கள். ஒரு சின்ன லேபிளுக்கு அந்த நாலு நாள் என்ன பாடு என்று யோசியுங்கள். தட்டு அச்சடித்த பணம் முழுக்கக் கிடங்கில் கிடக்கிறது, எதிரே நாட்டிலேயே பெரிய ஹிட் தயாரிப்பாளர்களின் வக்கீல்கள். ஐவோவுக்கு அந்த அனுபவம் கசப்பாகவே தங்கியது.

#9 குறிஞ்சி

சரி, வழக்குல தப்பிச்சாச்சு, நம்பர் ஒன்னும் ஆச்சு. அமெரிக்காவுலயும் போச்சுன்னு படிச்சேன். அப்புறம் ஏன் இன்னொரு தட்டு போடலை? பணமா, ஈகோவா?

#10 ஒலிநாடா

@குறிஞ்சி அமெரிக்காவில் பில்போர்டு முதன்மைப் பட்டியலில் 13ஆம் இடம், நடனப் பட்டியலில் முதலிடம். எந்த லேபிளாக இருந்தாலும் ஆறு மாதத்துக்குள் அடுத்த சிங்கிள் வேண்டும் என்று நிற்கும். தடையாக இருந்தது பெயர். மார்ஸ் என்ற பெயர் இரு தரப்புக்கும் பொது. கலர்பாக்ஸ் அந்தப் பெயரில் தொடர வேண்டுமானால் ஏ.ஆர். கேன் விட்டுத்தர வேண்டும். அதற்கு அவர்கள் ஒரு லட்சம் பவுண்டு கேட்டதாகப் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. யங் சகோதரர்கள் அந்த விலையைக் கொடுக்கவில்லை. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

இதைப் பேராசை என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏ.ஆர். கேன் பக்கத்தில் நின்று பாருங்கள். சேர்ந்து செய்த தட்டிலிருந்து அவர்கள் பாட்டைக் கலர்பாக்ஸ் தரப்பு நீக்கப் பார்த்தது. அவர்கள் கிட்டாரையும் நீக்கப் பார்த்தது. தட்டு ஜெயித்ததும் பெயரையும் விட்டுத்தா என்றால், விலை சொல்லாமல் வேறென்ன செய்வார்கள்? அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

#11 சக்கரவாகம்

அதே கேள்வியை மார்ட்டின் பக்கத்துலேருந்தும் கேளுங்க. ராப்பகலா உட்கார்ந்து துண்டு துண்டா ஒட்டின பாட்டு. அதுல முக்கால்வாசிக்கு மேல தன் உழைப்பு. அந்தப் பேர்ல அடுத்த பாட்டு போட, கொஞ்சமா வாசிச்சவங்களுக்கு லட்சம் பவுண்டு கொடுக்கணும்னா யாருக்குத்தான் மனசு வரும்? மனுஷன் அதோட ஓய்ஞ்சே போயிட்டார். கலர்பாக்ஸ் பேர்லயும் புதுசா எதுவும் வரலை. நாட்டுலயே நம்பர் ஒன் பாட்டு போட்டவங்களோட கடைசித் தட்டு அந்த நம்பர் ஒன் பாட்டுதான். இந்தக் கதையில அதிகமா இழந்தது அவங்கதான்னு நான் நினைக்கறேன். ஸ்டீவ் யங் 2016ல காலமாயிட்டார். நாலு வருஷம் முன்னாடி 2012ல 4ஏடி கலர்பாக்ஸ் பாட்டையெல்லாம் ஒரு பெட்டியா தொகுத்துப் போட்டுச்சு, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

#12 வடலி

சக்கரவாகம், இழப்பைத் தராசில போட வேண்டாம். அயூலியும் டம்பாலாவும் ரெண்டு மூண்டு ஆல்பம் செய்தவை எண்டது உண்மை. ஆனால் பெரிய சனக்கூட்டம் அவையைத் தேடி வரேல்லை. நம்பர் ஒன் தட்டில இருந்தவை எண்டு கனபேருக்குத் தெரியவே தெரியாது.

டிஜேமாரின்ரை கதை வேற. மெக்கின்டாஷ் பிறகு லண்டன் மினிஸ்ட்ரி ஒஃப் சவுண்ட் க்ளப்பில நிரந்தர டிஜே, பெரிய ரீமிக்ஸ்காரர். டோரல் 'புஷ்' எண்ட ரொக் குழுவுக்கு மேலாளராப் போய் அமெரிக்காவில பேர் எடுத்தவர். பெயரில எழுத்து இல்லாதவைதான் நல்லா வாழ்ந்திருக்கினம்.

#13 டேப்மாஸ்டர்

அந்தத் தட்டு திறந்த கதவு வழியாக வந்தவர்களையும் சொல்ல வேண்டும். 1988 பிப்ரவரியில் பாம் தி பேஸின் 'பீட் டிஸ்' இரண்டாம் இடம், ஏப்ரலில் எஸ்'எக்ஸ்பிரஸ் முதலிடம். இடையில் கோல்ட்கட். எல்லாமே வெட்டி ஒட்டிய பாட்டுகள், எல்லாமே டிஜேக்கள் செய்தவை. வாத்தியம் வாசிக்கத் தெரியாதவர்களும் தட்டு போடலாம் என்று அரங்கேற்றிக் காட்டியது அந்த ஆறு மாதம்தான். ஓஃப்ரா ஹாசாவின் பாட்டும் 1988இல் ரீமிக்ஸாகி பிரிட்டிஷ் பட்டியலில் ஏறியது. சாம்பிளால் மூலப் பாடகிக்கு நல்லது நடந்த அரிய நேரம் அது.

ஆனால் பின்னால் வந்த பாட்டுகளில் ஏ.ஆர். கேன் கீறிய மாதிரி ஒரு கிட்டார் கிடையாது. அந்தப் பாதையை யாரும் தொடரவில்லை. தொடர்ந்திருந்தால் பிரிட்டிஷ் நடன இசை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

#14 குறிஞ்சி

நீங்க எல்லாரும் சொன்னதுக்கப்புறம் 'அனிட்டினா'வை இன்னிக்குத்தான் முழுசாக் கேட்டேன். ராத்திரி ஹெட்ஃபோன்ல. முதல் நிமிஷம் பிடிபடலை. அப்புறம் தாளம் கீழேருந்து பிடிச்சு இழுக்க, குரல் மேல போக, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு விடவே இல்லை. ஒத்துப்போகாதவங்க செஞ்ச பாட்டு மாதிரியே தெரியலை எனக்கு.

அடுத்து எதைக் கேட்கலாம்? பெரிய 12 இஞ்ச் தட்டா, சின்ன 7 இஞ்ச் தட்டா?

#15 ஒலிநாடா

@குறிஞ்சி 12 இஞ்ச்தான். 7 இஞ்ச்சில் 'பம்ப் அப் தி வால்யூம்' வானொலிக்காகக் குறுக்கப்பட்டது, துண்டுகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் இருக்காது. முதல் 12 இஞ்ச்சையும் பின்னாலேயே வந்த ரீமிக்ஸையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், டிஜேக்கள் கைவைத்த இடங்கள் தானாகப் பிடிபடும். பிறகு ஏ.ஆர். கேனின் 'லொலிட்டா'. அதோடு கலர்பாக்ஸின் 'பேபி ஐ லவ் யூ சோ', 1986. இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் மார்ஸுக்குள் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்பது எங்கள் வாதங்களைவிடத் தெளிவாக விளங்கும்.

#16 சக்கரவாகம்

'பேபி ஐ லவ் யூ சோ'வை அவர் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன். லொரிட்டா கிரஹாம் பாடினது. சத்தமா வெச்சுக் கேளுங்க குறிஞ்சி, பேஸ் நல்லா வர்ற ஸ்பீக்கர்ல. கேட்டுட்டு வந்து யார் பக்கம்னு சொல்லுங்க.